ஓட்டவா, உலவவா: ஒரு பூங்காச் சாலையின் வேக வரலாறு

ஒரு சாலையில் வண்டிகள் எவ்வளவு வேகமாகச் செல்லலாம் என்று விதிப்பதற்கு முன்னர், அவை இப்போது எவ்வளவு வேகமாகச் செல்கின்றன என்று அளந்து பார்க்க வேண்டும் என்பது போக்குவரத்துப் பொறியியலின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று. இந்தியாவின் சிவில் பொறியியல் பாடநூல்களில் 'எனோஸ்கோப்' என்ற எளிய கருவியைப் பற்றி இன்றும் படிக்கலாம். சாய்வாகக் கண்ணாடி பொருத்திய ஒரு பெட்டி அது. அதைச் சாலையோரத்தில் வைத்துவிட்டு, அளந்து குறித்த தொலைவில் ஒருவர் நிறுத்துக்கடிகாரத்துடன் நிற்பார். வண்டி தம்மைக் கடக்கும்போது கடிகாரத்தை ஓடவிட்டு, அதன் பிம்பம் கண்ணாடியில் தோன்றும்போது நிறுத்துவார். இப்படி நூறு வண்டிகளை அளந்து, வேகத்தின் ஏறுவரிசையில் அடுக்கினால், 85ஆவதாக நிற்கும் வண்டியின் வேகமே வேக வரம்புக்கு அடிப்படை. 85ஆம் நூற்றுமானம் என்று இதற்குப் பெயர். 1930களிலும் 1940களிலும் அமெரிக்கப் பொறியாளர்களிடையே வேரூன்றிய இந்த வழக்கம், பின்னர் உலகின் பல நாடுகளின் பாடநூல்களுக்குச் சென்றது.

இந்தக் கணக்குக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. ஓட்டுநர்களில் மிகப் பெரும்பாலோர் அறிவுடையவர்கள். சாலையைப் பார்த்தே தக்க வேகத்தைத் தேர்ந்துகொள்வார்கள். எஞ்சிய சிலரைத் தடுத்தால் போதும் என்பது அந்த நம்பிக்கை. நெடுஞ்சாலையில் அது ஓரளவு செல்லுபடியாகலாம். ஆனால் கணக்கெடுப்பில் சாலைக்கு வந்த வண்டிகள் மட்டுமே இடம்பெறுகின்றன. அவ்வண்டிகளின் வேகத்துக்கு அஞ்சி வராமல் போன முதியவரையும், குழந்தையின் கையை விடாமல் ஓரமாகவே நடந்த தாயையும் எந்தக் கருவியும் பதிவுசெய்வதில்லை. நகரப் பூங்காவின் ஊடே செல்லும் சாலையில் இந்தக் குறை வெளிப்படையாகத் தெரியும். அந்தச் சாலை யாருக்காகப் போடப்பட்டதோ அவர்களே கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் இந்த வழக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்தது. குதிரை, சைக்கிள், மோட்டார் வண்டி, மறுபடியும் சைக்கிள் என்று எதிர்வாதி மட்டும் மாறிக்கொண்டே வந்தார்.

பூங்காவின் வடிவமைப்புக்கான போட்டி 1857இல் அறிவிக்கப்பட்டது. கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே பூங்காவைக் குறுக்காகக் கடக்கும் நான்கு சாலைகளேனும் இருக்க வேண்டும் என்பது போட்டியின் நிபந்தனைகளுள் ஒன்று. பூங்கா ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளம் கொண்டது. அதைக் குறுக்கே வைத்துவிட்டு வழி விடாமல் இருந்தால் நகரம் இரண்டாகப் பிளந்துவிடும். 33 வடிவங்கள் வந்தன. 1858 ஏப்ரலில் வென்றது ஃபிரடெரிக் லா ஓம்ஸ்டெட், கால்வர்ட் வாக்ஸ் ஆகிய இருவரும் சேர்ந்து அளித்த 'கிரீன்ஸ்வர்ட்' திட்டம். போட்டியாளர்கள் பலர் குறுக்குச் சாலைகளைத் தரைமட்டத்தில் வரைந்திருக்க, இவர்கள் அவற்றைப் பள்ளத்தில் இறக்கினார்கள். நிலமட்டத்துக்கு ஏறத்தாழ எட்டு அடி கீழே, இருபுறமும் சுவரெழுப்பி, மேலே பாலங்களால் மூடிய சாலைகள். 79ஆம் தெருவுக்கு நேரான சாலை பாறையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகவே செல்கிறது. நிலக்கரி வண்டியும் இறைச்சி வண்டியும் குப்பை வண்டியும் தீயணைப்பு வண்டியும் ஒருநாள் இந்தச் சாலைகளில் நெரியும் என்று தங்கள் அறிக்கையில் அவர்கள் எழுதியபோது, அந்தப் பகுதியின் பெரும்பாலான தெருக்களில் வீடுகளே எழும்பியிருக்கவில்லை.

ஆகவே 'கடக்க வேண்டியவர்' சிக்கல் அன்றே தீர்ந்தது. விரைந்து செல்ல வேண்டியவருக்குப் பள்ளத்துச் சாலை. பூங்காவைக் காண வந்தவருக்கு மேலே உள்ள பாதைகள். மேலே உள்ளவற்றுக்கு அவர்கள் வழங்கிய பெயர்கள் கவனிக்கத்தக்கவை: டிரைவ், ரைடு, வாக். மூன்றும் வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொற்கள். தெருவும் அவென்யூவும் எங்கோ கொண்டுசேர்ப்பவை. இந்த மூன்றுமோ அங்கே செய்யப்படும் செயலால் பெயர் பெற்றவை. வண்டியில் உலாவும் இடம் டிரைவ், குதிரை ஏறி உலாவும் இடம் ரைடு, காலால் உலாவும் இடம் வாக். போய்ச்சேரும் ஊர் என்று எதுவும் இல்லாத பாதைகள் அவை. (தமிழில் இந்த நயத்தைக் கொண்டுவருவது எளிதன்று. 'ஓட்டு' என்பது 'ஓடு' என்பதன் பிறவினை. மெதுவாக ஓட்டும்படி ஒருவரிடம் சொல்லும்போதே அவரை ஓட வைத்துவிடுகிறோம்.)

வடிவமைப்பாளர்கள் டிரைவை வளைத்து வளைத்து அமைத்தார்கள். காட்சி மறைந்து மறைந்து தோன்ற வேண்டும் என்ற அழகியல் காரணம் ஒன்று. நேர்ச்சாலை கிடைத்தால் செல்வர்கள் அதைப் பந்தயத் திடலாக்கிவிடுவார்கள் என்ற அச்சம் மற்றொன்று. அச்சத்துக்கு ஆதாரம் இருந்தது. பூங்கா ஆணையர்களான ராபர்ட் டில்லனும் ஆகஸ்ட் பெல்மாண்டும் 1858இலேயே திட்டத்தைத் திருத்த முனைந்தார்கள். நேரான அகன்ற பெருஞ்சாலை ஒன்றும், குதிரைச் சவாரிக்குக் கூடுதல் வழியும் அவர்களது கோரிக்கைகளுள் இருந்தன. நேர்ச்சாலை மறுக்கப்பட்டது. சவாரிப் பாதையோ ஏற்கப்பட்டது. ஆனால் நடைபாதையோடு அது எங்கும் மோதாதபடி வளைவுப் பாலங்களால் பிரிக்கப்பட்டது. சென்ட்ரல் பார்க்கின் புகழ்பெற்ற சிறு பாலங்களில் பலவும் இந்தச் சச்சரவின் பிள்ளைகளே. எதிர்ப்பாளர்களின் குறுக்கீட்டால் மூலத்திட்டம் மேலும் செம்மையடைந்த அரிய நிகழ்வு இது.

விதியும் இருந்தது. டிரைவில் வண்டிகள் எந்த வேகத்தைத் தாண்டக்கூடாது என்று பூங்கா வாரியம் வரம்பு விதித்தது. நல்ல குதிரை சற்றே துள்ளி ஓடினாலும் மீறிவிடக்கூடிய வரம்பு அது. பூங்காக் காவலர்களிடம் அளவுகருவி ஏதுமில்லை, கண்ணே அளவுகோல். சொந்தமாக வண்டியும் குதிரையும் வைத்திருப்போர் நகரத்தில் மிகச் சிலரே. இருந்தும் முதல் பத்தாண்டில் பூங்காவுக்கு வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வண்டியில்தான் வந்தார்கள் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். கீழ்ப்புற நெருக்கடியில் வாழ்ந்த தொழிலாளிக்குப் பூங்கா தொலைவு. ஞாயிறு ஒருநாளே விடுமுறை. எனவே 'எல்லாருக்குமான பூங்கா' அன்றைக்குப் பெருமளவில் வண்டிகளின் அணிவகுப்புத் தளமாகவே இருந்தது. அன்று வேகக் கணக்கெடுப்பு நடத்தியிருந்தால் பந்தயக் குதிரையின் வேகமே 85ஆம் நூற்றுமானமாக வந்திருக்கும் என்று எண்ண இடமிருக்கிறது.

பந்தயக்காரர்களும் சாதாரணமானவர்கள் அல்லர். கப்பல், ரயில் அதிபர் கார்னீலியஸ் வாண்டர்பில்ட்டும் இதழதிபர் ராபர்ட் பானரும் தங்கள் ஓட்டக் குதிரைகளைப் பூங்காவுக்கு வடக்கே இருந்த ஹார்லம் லேனில் போட்டிக்கு விடுவது நகரமறிந்த காட்சி. 1867இல் டெக்ஸ்டர் என்ற ஒரே குதிரைக்குப் பானர் 33,000 டாலர் கொடுத்தார். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் 'ஸ்பீடிங்' என்பது குற்றத்தின் பெயராக இருக்கவில்லை. கனவான்களின் பொழுதுபோக்கின் பெயர். ஒரு சொல்லின் மதிப்பு இறங்குவதை மொழியியலார் பொருளிழிபு என்பார்கள். 'ஸ்பீடிங்' அந்த இறக்கத்தைச் சந்தித்தது, அந்தச் செயல் செல்வர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போன பிறகு.

1892 மார்ச்சில் நியூயார்க் மாநிலச் சட்டமன்றம், சென்ட்ரல் பார்க்கின் மேற்கு ஓரமாகக் குதிரைகளை விரைந்து ஓட்டுவதற்கென்றே ஒரு தடம் அமைக்கச் சட்டம் இயற்றியது. ஓம்ஸ்டெட்டும் வாக்ஸும் வளைவுகளால் தடுத்ததைச் சட்டத்தால் நுழைக்கும் முயற்சி. நகரம் கொதித்தெழுந்தது, நாளிதழ்கள் எழுதின, கூட்டங்கள் நடந்தன, தொழிற்சங்கத்தாரும் சீர்திருத்தக்காரர்களும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். சில வாரங்களுக்குள், ஏப்ரலிலேயே சட்டம் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் குதிரைக்காரர்கள் வெறுங்கையோடு போகவில்லை. ஹார்லம் ஆற்றங்கரையில், 155ஆம் தெருவிலிருந்து வடக்கு நோக்கி, அவர்களுக்கென்றே ஹார்லம் ரிவர் ஸ்பீட்வே கட்டப்பட்டு 1898இல் திறக்கப்பட்டது. பொதுப் பணத்தில் எழுந்த அந்தச் சாலையில் சைக்கிளுக்கும் சரக்கு வண்டிக்கும் இடமில்லை. அதன் தடத்தில்தான் இன்று ஹார்லம் ரிவர் டிரைவ் என்ற மோட்டார் நெடுஞ்சாலை ஓடுகிறது. 'ஸ்பீட்வே' போய் 'டிரைவ்' வந்திருக்கிறது. வேகமோ பலமடங்கு கூடியிருக்கிறது. உலாவைக் குறித்த சொல் நெடுஞ்சாலைக்குப் பெயராகிவிட்டதை ஓம்ஸ்டெட் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

இதற்கிடையே சைக்கிள் வந்தது. தொடக்கத்தில் பூங்கா வாரியம் அதைத் தடுத்தது. 1880களில் வழக்காடியும் சட்டம் பெற்றும் சைக்கிள்காரர்கள் உள்ளே நுழைந்தார்கள். குனிந்தபடி சீறிப் பாய்பவர்களுக்கு 'ஸ்கார்ச்சர்' என்று பட்டப்பெயர் வழங்கியது. சாலையைத் தீய்த்துக்கொண்டு போகிறவர் என்று பொருள். அவர்களைப் பிடிக்க, தியடோர் ரூஸ்வெல்ட் நகரக் காவல் வாரியத் தலைவராக இருந்த 1895இல் சைக்கிள் காவல் பிரிவு தோன்றியது. வேக அளவீட்டின் வரலாற்றில் இது ஒரு திருப்பம். கண் மதிப்பீடு போய், குற்றவாளியின் பின்னாலேயே மிதித்துச் சென்று ஈடுகொடுக்கும் காவலரின் கால்கள் அளவுகருவியாயின. 1899 மே 20 அன்று லெக்ஸிங்டன் அவென்யூவில் மின்சார வாடகை வண்டியை மணிக்கு 12 மைல், அதாவது ஏறத்தாழ 19 கிலோமீட்டர், வேகத்தில் ஓட்டியதற்காக ஜேக்கப் ஜெர்மன் என்பவர் பிடிக்கப்பட்டதும் இப்படிச் சைக்கிளில் துரத்திய காவலரால்தான். அன்றைய வரம்பு 8 மைல். அமெரிக்காவில் வேகத்துக்காகக் கைதான முதல் மோட்டார் ஓட்டுநர் அவரே என்பார்கள்.

அதே ஆண்டு செப்டம்பர் 13. பூங்காவின் மேற்கு விளிம்பில், சென்ட்ரல் பார்க் வெஸ்ட் சாலையும் 74ஆம் தெருவும் கூடும் இடத்தில், டிராம் வண்டியிலிருந்து இறங்கிய ஹென்றி பிளிஸ் மீது மின்சார வாடகை வண்டி ஒன்று மோதியது. மறுநாள் அவர் இறந்தார். அமெரிக்காவில் மோட்டார் வண்டி மோதி இறந்தவர் என்று பதிவான முதல் மனிதர் அவர். வேண்டுமென்று செய்யவில்லை என்று கருதி ஓட்டுநர் விடுவிக்கப்பட்டார். நோக்கத்தைப் பார், விளைவை மன்னி என்ற இந்தத் தீர்ப்பு முறை அடுத்த நூற்றாண்டு முழுவதும் சாலை மரணங்களின் மேல் படிந்து கிடந்தது.

பூங்காவுக்குள் மோட்டார் வண்டிகளை வாரியம் முதலில் தடைசெய்தது. குதிரைகள் மிரளும் என்பது சொல்லப்பட்ட காரணம். 1899 முடிவதற்குள்ளாகவே உரிமம் பெற்றவர்களுக்குக் கதவு திறந்தது. பின்பு நடந்தவை விரைவானவை: 1912ஐ ஒட்டி டிரைவின் சரளைக் கற்கள் மீது தார் விரிக்கப்பட்டது; 1930களின் தொடக்கத்தில் சிக்னல் விளக்குகள் நடப்பட்டன. இரண்டுமே பாதுகாப்புக்கான சீர்திருத்தங்களாகவே தோன்றின. ஆனால் சரளையில் குலுங்கிக் குலுங்கிச் சென்ற வண்டிக்குத் தார் வழுவழுப்பைத் தந்தது. இந்த இடத்தில் நிற்பாய், மற்ற இடத்திலெல்லாம் நிற்க வேண்டியதில்லை என்று விளக்கு உறுதி தந்தது. குதிரைக்காகக் கணக்கிட்ட வளைவுகள் மோட்டாருக்குத் தடையாகவே இருக்கவில்லை. மணிக்கு 10 கிலோமீட்டரில் வரும் வண்டியை 40 கிலோமீட்டரில் வரவைத்தால் வேகம் நான்கு மடங்கு, மோதும் ஆற்றல் பதினாறு மடங்கு. வளைவின் ஆரம் மட்டும் 1858இல் வரைந்தபடியே. காலையில் வேலைக்கும் மாலையில் வீட்டுக்கும் விரைபவர்களின் குறுக்குவழியாக டிரைவ் மாறியது. கடப்பதற்கென்று பள்ளத்தில் ஒளித்துவைத்த போக்குவரத்து, எழுபது ஆண்டுகளில் மேலே ஏறி வந்துவிட்டது.

சொற்களும் உடன் மாறின. 1910களில் அமெரிக்க நகரங்களில் 'ஜேவாக்கர்' என்ற சொல் பரவியது. 'ஜே' என்றால் பட்டிக்காட்டான். நகரத்தில் நடக்கத் தெரியாதவன் என்ற வசை. மோட்டார் சங்கங்கள் அந்தச் சொல்லை விரும்பிப் பரப்பின. அதுவரை எல்லாரும் நடந்த சாலையில், நடப்பவரே அத்துமீறியவர் ஆனார். பொறியாளர்களின் மொழியோ நீரியலிலிருந்து உவமை எடுத்தது: பாய்வு, கொள்ளளவு, அடைப்பு. குழாயில் ஓடும் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது குழாய்க்குள் உலாவும் உரிமை பற்றி யாரும் கேட்பதில்லை.

அளவீடும் நுட்பமாகிக்கொண்டே போனது. சாலையோரம் பட்டுப்போன மரம்போல் வேடமிட்ட இரண்டு காவல் மறைவிடங்கள், ஒன்றில் தொலைபேசியும் நிறுத்துக்கடிகாரமும்: நியூ இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் இந்தப் பொறியில் 1905இல் சிக்கியவர் நியூயார்க் காவல் ஆணையர் வில்லியம் மக்அடூவே என்றும், வியந்துபோன அவர் அதே ஏற்பாட்டைத் தம் நகரத்துக்கும் கேட்டார் என்றும் சொல்வார்கள். 1930களில் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் ஒஹையோவில் திரைப்படக் கேமராவைக் கொண்டு வண்டிகளின் வேகத்தையும் நெருக்கத்தையும் கணக்கிட்டார். சாலைக்குக் குறுக்கே கிடத்திய ரப்பர் குழாயின் மீது சக்கரம் ஏறும்போது எழும் காற்றழுத்தத்தால் எண்ணும் முறை வந்தது. போர்க்கால ரேடார் நுட்பம் 1940களின் இறுதியில் கனெக்டிகட் சாலைகளில் வண்டிகளை நோக்கித் திரும்பியது. கருவி எதுவாயினும் கேள்வி ஒன்றே: வந்த வண்டி எவ்வளவு வேகத்தில் வந்தது? அந்த வண்டி அங்கே ஏன் வர வேண்டும் என்பது எந்தப் படிவத்திலும் ஒரு பத்தியாக இருந்ததில்லை.

சென்ட்ரல் பார்க்கில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது 1966இல். மேயர் ஜான் லிண்ட்சேயின் பூங்கா ஆணையர் தாமஸ் ஹோவிங், வார இறுதியில் டிரைவை மோட்டார் வண்டிகளுக்கு மூடினார். வேகத்தை 25 மைலிலிருந்து 20 ஆக்கலாமா 15 ஆக்கலாமா என்ற வாதத்துக்குள் அவர் புகவேயில்லை. சைக்கிள்களும் நடப்பவர்களும் திரண்டு வந்தார்கள். வார இறுதிவரை வெளியே தெரியாமலிருந்த அந்தக் கூட்டத்தை வாரநாள் கணக்கெடுப்பு ஒருபோதும் காட்டியிருக்காது. வண்டிகள் இருக்கும்வரை அவர்கள் அங்கே இல்லை. அதன் பிறகு ஐம்பது ஆண்டுகள், மணிக்கணக்காக, வாயில் வாயிலாகப் பேரம் நடந்தது. டிரைவை மூடினால் பக்கத்து அவென்யூக்கள் திணறும் என்பதே எதிர்த்தரப்பின் மாறாத வாதம். அதைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. நெரிசலில் நிற்கும் பேருந்துப் பயணிக்கும் ஒரு நியாயம் உண்டு. ஆனால் நகரத்தின் நெரிசலைப் பூங்கா தாங்க வேண்டும் என்ற கருத்தைத்தான் 1858இன் திட்டம் பள்ளம் தோண்டி மறுத்திருந்தது.

2015இல் 72ஆம் தெருவுக்கு வடக்கே டிரைவ் நிரந்தரமாக மூடப்பட்டது. 2018 ஜூன் இறுதியில் எஞ்சிய பகுதியும் மூடப்பட்டது. அதற்குள் வேறொன்று நடந்திருந்தது. 2014 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் டிரைவில் சென்ற இருவர், சைக்கிள்கள் மோதியதில் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு பூங்காவின் வேக வரம்பு 25 மைலிலிருந்து 20 மைலாகக் குறைக்கப்பட்டது. சைக்கிளுக்கும் அப்போது அதுவே வரம்பாயிற்று. ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் சுற்று, ஏற்ற இறக்கம், மோட்டார் இல்லாத வழவழப்பான தார்: சைக்கிள் பந்தயப் பயிற்சிக்கு இதைவிட நல்ல தளம் மன்ஹாட்டனில் இல்லை. ஸ்கார்ச்சர்கள் திரும்பி வந்திருந்தார்கள், நூற்றிருபது ஆண்டுகளுக்கு முந்தைய பெயர் மட்டும் மறந்துபோயிருந்தது. மோட்டார்கள் வெளியேறிய பின்னும், மோட்டாருக்காக நட்ட சிக்னல் விளக்குகள் சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி எரிந்துகொண்டிருந்தன. நடப்பவர்கள் பொத்தானை அழுத்திக் காத்திருந்தார்கள். சைக்கிள்காரர்களில் பலர் நிற்கவில்லை.

ஓம்ஸ்டெட்டும் வாக்ஸும் தோண்டிய நான்கு குறுக்குச் சாலைகளில் இன்றும் பேருந்துகளும் டாக்ஸிகளும் இரவும் பகலும் விரைகின்றன. மேலே, மரங்களுக்கு நடுவே, பாலத்தைப் பாலமென்று அறியாமலே மக்கள் அவற்றைக் கடந்து போகிறார்கள்.